குதிக்கும் பொத்தான்

குள்ளன் குதித்துவிட்டான்.

அவள் அமுக்கவில்லை.

கழுத்தில் கொசு கடித்தது என்று அப்போதுதான் கையை எடுத்திருந்தாள். அடித்துவிட்டுத் திரும்பினால், போன் திரையில் சிவப்புச் சட்டைக் குள்ளன் பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறான்.

"இன்னைக்குத்தான் நேரம் பாத்து அமுக்கியிருக்கே" என்றான் அவள் கணவன்.

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

போன் அவன் மடியில், தலையணைமேல் இருந்தது. இடது ஓரத்தில் ஓடுவதற்குப் பொத்தான். அது அவனுடைய நல்ல கைக்கு. வலது ஓரத்தில் குதிப்பதற்குப் பொத்தான். அதன் பக்கத்தில், போனின் விளிம்பில், அவனுடைய வலது கட்டைவிரலைச் சாய்த்து வைப்பாள். வைத்த இடத்தில் அது கிடக்கும். பள்ளம் வரும்போது அந்த விரலைப் பிடித்து நகர்த்தி அவள்தான் அமுக்குவாள்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தக் கை அப்படித்தான். சூடு தெரியாது. கிள்ளினாலும் தெரியாது. அவள் கை மேலே இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் எப்படித் தெரியும்? குனிந்து பார்க்கவும் முடியாது. இந்த ஆட்டத்தில் குள்ளனை விட்டுக் கண்ணை எடுத்தால் தீர்ந்தது.

பிசியோதெரபிக்கு வரும் பெண் சொன்ன யோசனை இது. சும்மா மடக்கி நீட்டினால் அண்ணனுக்கு அலுத்துப்போகும் அக்கா, பிடித்த விளையாட்டு ஏதாவது கொடுங்கள், அவர் குதிக்க நினைக்கிறபோது நீங்கள் விரலை அமுக்குங்கள் என்றாள்.

அவன் இதைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் டிவியில் மாட்டி ஆடியதைப் போலவே கட்டம் கட்டமான செங்கல், கட்டம் கட்டமான மேகம், காதைத் துளைக்கும் டிங் டிங். எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் மறுபடி முதலிலிருந்து. இதைச் செய்தவனுக்கு ஈவு இரக்கமே கிடையாது.

விழும்போதெல்லாம் அவளுக்குத் திட்டு.

"லேட்டு. நீ எப்பவுமே லேட்டுட்டி."

அவளுக்கு அந்தத் திட்டு பிடித்திருந்தது. அதற்கு முன்னால் அவன் வாயே திறக்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தான். திட்டட்டுமே என்று வேண்டுமென்றே தாமதித்துக் குள்ளனைக் கொன்றதும் உண்டு.

ஆனால் இந்தப் பள்ளத்தை இருவரும் சேர்ந்து ஒருநாளும் தாண்டியதில்லை.

துடிப்பாக இருக்கும் என்று நினைத்தாள்.

சில சமயம் விரல் தானாகத் துடிக்கும், நம்பிவிடாதீர்கள் என்று அந்தப் பெண்ணே எச்சரித்திருக்கிறாள். அதற்குள் ஒருமுறை நம்பியாகிவிட்டது. விரல் அசைந்துவிட்டது என்று இவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சனம் திரண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்றது. அசைத்துக் காட்டுங்கண்ணே என்றார்கள். கை சும்மா கிடந்தது. எல்லாரும் போன பிறகு அவன் அழுததை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த பள்ளம் வந்தது. அடியில் முள் வைத்த பள்ளம்.

அவள் கையைக் கொண்டுபோகவில்லை. மடியில் வைத்துச் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

விழுந்துவிடு என்றுகூட நினைத்தாள். இன்னொரு தடவை ஏமாற அவளுக்குத் தெம்பு இல்லை.

விளிம்பில் கிடந்த கட்டைவிரல் நகர்ந்தது.

மெல்ல அல்ல. வெடுக்கென்று. பொத்தானைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் விளிம்புக்கு வந்து படுத்துக்கொண்டது.

குள்ளன் முள்ளைத் தாண்டினான்.

அவளுக்குச் சந்தோஷம் என்று ஒன்று வரவே இல்லை. பயமாக இருந்தது. மூச்சு விட்டால்கூடக் கெட்டுப்போகும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"அப்படித்தாம்ட்டி" என்றான், திரையைப் பார்த்தபடியே. "பழகிட்டே."

வாசலில் பைக் வந்து நின்றது.

"மைனி! அண்ணன் முழிச்சிருக்காவளா?"

செபாஸ்தியான். ஸ்டாண்டில் இவள் கணவனுக்கு அடுத்து ஆட்டோ போடுகிறவன். இவர்கள் வண்டியை விலைக்கு எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான்.

விற்றுவிடலாம் என்றது கணவன்தான். ஆட்டோவுக்கு ஆக்ஸிலேட்டர் வலது கைப்பிடியில். அந்தக் கை போனவனுக்கு வண்டி எதற்கு என்று காலையில்கூடச் சொன்னான். தார்ப்பாயை எடுத்துக் கழுவி நிறுத்தச் சொன்னான். கழுவினாள். முன்கண்ணாடியைத் துடைக்கும்போது அழுகை வந்துவிட்டது.

"சாவி டிவிக்குப் பக்கத்துல இருக்கு. குடுத்திரு" என்றான் இப்போது. "ஏட்டி, இரு இரு, அடுத்தது வருது. இத அமுக்கிட்டுப் போ."

அவள் அசையவில்லை.

விரல் நகர்ந்தது. குள்ளன் குதித்தான்.

"வண்டியக் குடுக்கல தம்பி!"

இருந்த இடத்திலிருந்தே கத்தினாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

கணவன் விருட்டென்று அவள் பக்கம் திரும்பினான். பார்க்க ஆளில்லாமல் குள்ளன் எங்கேயோ போய் விழுந்து செத்தான்.

"கிறுக்கு புடிச்சிருச்சா ஒனக்கு? பேசி முடிச்சதுக்கு அப்புறம் இல்லைன்னா என்ன அர்த்தம்? இந்தக் கைய வச்சிக்கிட்டு நான்..."

காட்டுவதற்காகக் கையைப் பார்த்தான். போன்மேல் அது தனியாக இருந்தது.

பிறகு அவள் கைகளைத் தேடினான்.

இரண்டும் அவள் மடியில் இருந்தன.