சோதனைச் சாவடியில் மூன்றே கால் மணி நேரம்

"சைக்கிளுக்குத் தனிப் படிவம்மா. அதை நிரப்பாம தடுப்பைத் தூக்க முடியாது."

பாலைவனச் சாலையில் ஒற்றை அறைச் சோதனைச் சாவடி. சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரலில் இதைச் சொன்ன எழுத்தர், அவளுடைய பாஸ்போர்ட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

மணி பன்னிரண்டே முக்கால். அடுத்த சாவடிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். இருட்டிய பின் சாலையில் சைக்கிளைக் கண்டால் ரோந்து வண்டி ஏற்றிக்கொண்டு போய்விடும். வண்டியில் ஒரு முறை ஏறிவிட்டால், பதினேழு நாளாகத் தனியே மிதித்ததெல்லாம் வீண். காலையில் இரண்டு பஞ்சர்கள் வேறு மூன்று மணி நேரத்தைத் தின்றிருந்தன.

அவள் நர்ஸ். இந்த நாட்டு மருத்துவமனையில் ஐந்தாண்டு வேலை பார்த்து, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புகிறாள். அதற்குள் இந்தப் பாலைவனத்தை ஒருத்தியாகக் கடந்துவிட வேண்டும். தனக்கென்று அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். இவர்களுடைய மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"குடுங்க சார், அஞ்சு நிமிஷத்துல எழுதித் தர்றேன்."

"முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க. படிவத்துல கறை படக் கூடாது. அப்படியே முகம், தலை, கழுத்து எல்லாம் கழுவிடுங்க."

"கழுத்தாலயா எழுதப் போறேன்?"

"விதிம்மா."

கழுவிவிட்டு வந்தாள். காலிரண்டும் அவளுடையவையாகவே இல்லை. மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி போட்டிருந்தார்; பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

படிவம் நான்கு பக்கம். தந்தையின் பெயர், பாட்டனின் பெயர், சக்கரத்தின் சுற்றளவு, சைக்கிள் மணியின் நிறம்.

நான்காம் பக்கத்தில் ஓர் எண்ணை அடித்துத் திருத்தினாள். எழுத்தர் படிவத்தை இரண்டாகக் கிழித்தார்.

"அடித்தல் திருத்தல் கூடாது. வேற எழுதுங்க."

வேறு எழுதினாள்.

"இப்ப ஃபோட்டோ எடுக்கணும். ஆனா பாஸ்போர்ட்ல இருக்குற முகமும் இந்த முகமும் ஒத்துப்போகலையே. இது பழுத்த மிளகாயாட்டம் செவந்து கெடக்கு. ஆறட்டும்."

"என் முகம் என்ன காய்ச்சின பாலா, ஆற வெக்கிறதுக்கு?"

"ஆறினாத்தான் ஃபோட்டோ. தண்ணி குடிங்க."

கைப்பேசி ஒலித்தது. ஊரிலிருந்து அக்கா.

"எங்கடி இருக்க?"

"ஒரு சாவடியில. ஒரு மணி நேரமா உட்கார வெச்சிருக்காங்க."

"உன்னையா? நம்ம அம்மாவாலயே முடியலையே! யாருடி அந்த மகராசன்?"

"வெளையாடாதக்கா. இன்னிக்கு விட்டா எல்லாம் போச்சு." அழைப்பைத் துண்டித்தாள்.

இரண்டேகாலுக்கு முகம் ஆறிவிட்டதாக எழுத்தர் ஒப்புக்கொண்டார். படம் எடுத்தார். பிறகு பார்த்தால் முத்திரை மை காய்ந்திருந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு, "ஊறட்டும்" என்றார்.

அவள் எழுந்து நின்றாள்.

"புகார்ப் புத்தகம் இருக்கா?"

"ஓ, இருக்கே!" அவர் முகம் மலர்ந்தது. தடித்த புத்தகத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். "விவரமா எழுதுங்க. ஒரு பக்கத்துல எல்லாம் அடங்காது."

முன் பக்கங்களைப் புரட்டினாள். பல கையெழுத்துகள், பல மொழிகள். சைக்கிளில் வந்தவர்கள், நடந்து வந்தவர்கள். படிக்கத் தெரிந்த மொழிகளில் எல்லாம் ஒரே குற்றச்சாட்டு: வேண்டுமென்றே காக்க வைக்கிறார். இத்தனை புகாருக்குப் பின்னும் இந்த ஆளின் நாற்காலி ஆடவில்லையே!

மூன்று பக்கம் எழுதினாள். முதல் பக்கத்தில் அவளுடைய எழுத்து அவளுக்கே விளங்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் வரிகள் கோடு போட்டாற்போல் வந்தன. நியாயமான கோபம் கையைத் திடப்படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கையொப்பமிட்டு நிமிர்ந்தபோது மணி நான்கு. முத்திரை விழுந்தது. பாஸ்போர்ட்டோடு, நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில்களையும் எழுத்தர் எடுத்து வைத்தார். அவள் நன்றி சொல்லவில்லை.

காற்று இப்போது முதுகுப் பக்கமிருந்து வீசியது. வெறி பிடித்தாற்போல் மிதித்தாள். அடுத்த சாவடியை எட்டியபோது சூரியன் மறையக் கால் மணி நேரம் இருந்தது.

அங்கே காவலுக்கு இருந்த பெண், முத்திரையிட்ட படிவத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"எவ்வளவு நேரம் உட்கார வெச்சாரு?"

"மூணேகால் மணி நேரம்! ஒரு படிவத்துக்கு!"

"இந்தச் சாலையில சைக்கிளுக்குப் படிவமே கிடையாதும்மா."

பாட்டிலை உயர்த்திய கை அப்படியே நின்றது.

"'வெயில் தாழ்ந்ததும் போங்க'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சிப் பாத்தாரு. அவசரத்துல வர்றவங்க எங்க கேக்குறாங்க? போன வருஷம் நடுவழியில ரெண்டு பேரைத் தூக்கிட்டு வந்தோம். ஒருத்தர் பொழைக்கலை. அதுக்கப்புறம்தான் இந்தப் படிவத்தை அச்சடிச்சாரு."

நர்ஸ் தன் புறங்கையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். நண்பகலில் தடுப்பின் முன்னால் வந்து இறங்கியபோது வியர்வை நின்று போயிருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெயில் உயிருக்கே ஆபத்தாகத் தாக்கிவிட்டதன் அறிகுறி அது என்று எத்தனை நோயாளிகளுக்குச் சொல்லியிருக்கிறாள்.

"ஐயோ, அவர்மேல மூணு பக்கம் புகார் எழுதிட்டு வந்திருக்கேனே! மேலதிகாரி பாத்தா அவர் வேலை...?"

"மேலதிகாரிக்கு அப்படி ஒரு புத்தகம் இருக்குறதே தெரியாது. அதையும் இவர்தான் வாங்கி வெச்சிருக்காரு. திட்டி எழுத உட்கார்ந்தா, யாரா இருந்தாலும் இன்னும் ஒரு மணி நேரம் நிழல்ல இருப்பாங்களாம்."