கர்சீப் போட்ட நாற்காலி

போர் வரலாறு எழுதுபவர்கள் கவனிக்கத் தவறிய மாபெரும் முற்றுகை ஒன்று, அந்தத் திறந்தவெளி இசைக்கச்சேரியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுற்றி நடந்தேறியது. அதன் மேல் கர்சீப்பை விரித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் காவல் இருந்தவர் வீரபாகு. சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்ட அவர் மனைவி செண்பகவல்லி, பாட்டு கேட்க மட்டும் வருவதாகச் சம்மதித்திருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் மிச்சத்தைப் பாட்டு பார்த்துக்கொள்ளும் என்பது வீரபாகுவின் போர்த்திட்டம். மேடையில் யார் பாடினார்கள், என்ன பாடினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. வந்தவர்களையெல்லாம் “ஆள் வருது, ஆள் வருது” என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

“ஆள் வருதா, இல்ல கர்சீப்புதான் கச்சேரி கேக்குதா?” என்றார், பாப்கார்ன் பொட்டலத்தோடு பின்னால் நின்ற ஒரு பெரிய உடம்புக்காரர்.

ஒருவழியாக போன் வந்தது. “டிக்கெட்டை உங்க போன்ல வெச்சுக்கிட்டு என்னை வான்னா எப்படிங்க? கேட்டுல விட மாட்டேங்கிறான்.”

வீரபாகு விழுந்தடித்து ஓடி, கூட்டத்தைப் பிளந்து அவளை அழைத்து வந்தார். கர்சீப் விரித்தது விரித்தபடி இருந்தது. அந்த நாற்காலியை ஒருவரும் தொடவில்லை. பக்கத்து நாற்காலியில் பெரிய உடம்புக்காரர் சாவகாசமாகப் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார்.

“சார், இது என் இடம்.”

“இதுல ஏதாச்சும் போட்டிருந்தீங்களா?”

நியாயமான கேள்விதான் என்று அந்த வரிசையே தலையாட்டியது. செண்பகவல்லி கர்சீப்பை எடுத்து, நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உடம்புக்காரர் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டினார். அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள். வீரபாகு ஜெனரேட்டர் ஓரமாகப் போய் நின்று, வியர்வையைத் துடைக்கப் பாக்கெட்டுக்குள் கைவிட்டார்.

அவரிடம் இருந்தது அந்த ஒரு கர்சீப்தான்.