ஏரிப் படியில்

ஏழு மாத வயிற்றோடு அவள் ஏரிப் படியில் நிற்கிறாள். காலை வெயிலில் தண்ணீர் பளபளக்கிறது; இன்னும் மூன்று படி இறங்கினால் கால் நனைந்துவிடும். வார விடுமுறைக்கென்று இவ்வளவு தூரம் வந்தும், கணவன் அவள் முழங்கையைப் பிடித்த பிடியை விடுவதாயில்லை. "வழுக்கும், வேணாம்." "ஊருக்கே நீச்சல் சொல்லிக் குடுக்கறவ நான். கால் நனைச்சா என்ன, குடிமுழுகிப் போயிடுமா?" "போன தடவையும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்ன." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறான். கலைந்துபோன முதல் கருவைப் பற்றி இருவரும் ஒரு வருடமாக வாய் திறந்ததில்லை. அவள் முகம் சுண்டிப்போகிறது. "அப்போ தப்பு என்மேலதான்னு இத்தனை நாளா நெனச்சுட்டு இருந்தியா?" எதிர்க்கரையில் யாரோ தண்ணீரில் குதித்துச் சிரிக்கிறார்கள். அவள் கையை உதறிக்கொண்டு அடுத்த படியில் கால் வைக்கிறாள். நீச்சல் தெரியாத அவன் செருப்போடு முந்தி இறங்கி, முழங்கால் நீரில் நின்று கையை நீட்டுகிறான். அவள் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள்.