ரெண்டு டம்ளர் தோட்டா

“டெஸ்ட் வெச்சே ஆகணும் சார். எது நல்ல தோட்டான்னு இன்னைக்கே தெரிஞ்சாகணும்!”

ஜெயப்ரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற தோரணையைப் பார்த்ததும் குருமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓசூருக்கு வெளியே இருந்த அந்த ரைபிள் கிளப்புக்கு அவர்தான் கோச். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செலக்ஷன். மாநிலப் போட்டிக்குப் பெண்களில் ஒருத்திதான் போகலாம். போட்டி ஜெயப்ரியாவுக்கும் டெல்சிக்கும்.

ஜெயப்ரியாவின் அப்பாவுக்குப் பேரிகையில் ஏழு ஏக்கர் ரோஜாப் பண்ணை. மகள் சுடுவது வெளிநாட்டுத் தோட்டா. டெல்சி மூக்கண்டப்பள்ளிக்காரி, கம்பெனியில் ஒயரிங் லைனில் வேலை. கிளப்பில் கொடுக்கிற உள்ளூர்த் தோட்டாதான் அவளுக்குக் கட்டுப்படியாகும்.

போன மாசம் நாலு பாயிண்டில் தோற்றபோது டெல்சி வாய் விட்டுவிட்டாள். “சுட்டது அவ இல்லடி, அவங்கப்பா காசு!”

அது கண்ணு காது மூக்கு எல்லாம் வைத்துக்கொண்டு ஜெயப்ரியாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குத்தான் இன்றைக்கு இந்தப் பஞ்சாயத்து.

“வேணாம்மா. செலக்ஷன் முடியட்டும்” என்றார் குருமூர்த்தி.

“ஏன் சார்? நியாயமா டெஸ்ட் பண்ண உங்களால முடியாதா?”

யாரைப் பார்த்து என்ன கேள்வி! மனுஷர் உதிரிபாகக் கம்பெனியில் இருபது வருஷமாகக் குவாலிட்டி சூப்பர்வைசர். டீக்கடை வடையைக்கூடப் புரட்டிப் பார்த்து, ‘பினிஷிங் பத்தல’ என்று திருப்பிக் கொடுக்கிறவர். ரோஷம் வந்துவிட்டது.

“வைக்கறேம்மா டெஸ்ட்டு!”

கிளப் ரைபிளை அசையாதபடி இரும்புத் தாங்கியில் போல்ட் போட்டு முடுக்கினார். மனுஷக் கை நடுங்கும், இரும்பு நடுங்காது.

கிளப்பைப் பெருக்கும் நஞ்சம்மாவைக் கூப்பிட்டு, “ரெண்டு டப்பாவிலிருந்தும் பத்துப் பத்து எடுத்து, ரெண்டு டம்ளர்ல போடு. எது எதுலன்னு எனக்குச் சொல்லாதே” என்றார்.

“யாக்கே சார், ஏன்? நீங்கதானே பெரியவரு?”

“பெரியவனுக்கும் ஓரவஞ்சனை வரும் நஞ்சம்மா.”

சுற்றி நின்ற பெண்பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மனுஷர் சிரிக்கவில்லை. தோட்டாவைப் பார்க்காமல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவித்தான் ரைபிளில் போட்டார். முதல் டம்ளர் பத்து. குழலைத் துடைத்தார். அடுத்த டம்ளர் பத்து. அதே தூரம், அதே அட்டை, அதே காற்று.

வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தார். ஒரு அட்டையில் பத்து ஓட்டையும் பதினாலு மில்லிமீட்டருக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தது. இன்னொன்றில் முப்பத்தொன்று. சிதறல்.

“நஞ்சம்மா, இப்பச் சொல்லு. நல்லா விழுந்தது யாரோடது?”

நஞ்சம்மா டெல்சியைப் பாவமாகப் பார்த்தாள். “ஜெயப்ரியா பாப்பாவோடது சார்.”

டெல்சியின் முகம் சுண்டிப்போனது. “அப்போ அடுத்த வாரம் நான் வந்து என்ன சார் ஆகப்போகுது? லீவு போட்டா ஒரு நாள் சம்பளம்தான் போகும்” என்று பையை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஜெயப்ரியா ரெண்டு அட்டையையும் பத்திரமாகச் சுருட்டினாள்.

“பிரேம் போட்டு வீட்ல மாட்டுவா போல” என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

“சந்தோஷமாம்மா?” என்றார் குருமூர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“ரொம்ப சார். சந்தேகமே இல்லாமத் தெரிஞ்சுபோச்சு.”

அடிப்பாவி! கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா? நியாயமாக டெஸ்ட் பண்ணித் தொலைத்தோமே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வருத்தப்பட்டார் மனுஷர்.

அந்த வாரம் முழுக்க டெல்சிக்கு போன் போட்டார். திட்டினார், கெஞ்சினார். கடைசியில் அவள் அம்மா ஜெபசீலியிடம் சொல்லி, அந்தம்மா பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டெல்சி வந்து, சுடுவதற்காக உம்மென்று பாயில் குப்புறப் படுத்தாள். பக்கத்துப் பாய் காலி.

ஜெயப்ரியா காரை விட்டு இறங்கி நேராகக் குருமூர்த்தியிடம் வந்தாள்.

“சார், கிளப் தோட்டா ஒரு டப்பா குடுங்க.”

“கிளப்போடதா? உன்னுது என்னாச்சு?”

“லாக்கர்லயே இருக்கட்டும் சார். நீங்க கம்பெனிக்குப் போயிருக்கிற நேரத்துல ஒரு வாரமா இதைத்தான் சுட்டுப் பழகறேன். அப்பாகிட்ட ரெண்டு அட்டையையும் காட்டினேன், அவரும் சரின்னுட்டாரு.”

டெல்சி படுத்த வாக்கில் திரும்பிப் பார்த்தாள்.

குருமூர்த்திக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “ஏம்மா, நீதானே டெஸ்ட் வெச்சே ஆகணும்னு நின்ன? உன்னோடதுதான் நல்லதுன்னு நிரூபிச்சாச்சே!”

ஜெயப்ரியா டப்பாவை வாங்கிக்கொண்டு டெல்சிக்குப் பக்கத்துப் பாயில் படுத்தாள்.

“தோட்டாவை நியாயமா ஒப்பிட்டுட்டீங்க சார்” என்றாள் சிரித்துக்கொண்டே. “இப்ப எங்களை ஒப்பிடுங்க.”