எலிப்படை

“அந்தப் பெட்டியைக் கீழ வைங்கண்ணே. அவர் நான் வரச்சொன்ன ஆளு.”

விளையாட்டுக் கார்டு விற்கும் கடைக்காரரின் கை அந்தரத்தில் நின்றது. பளபளக்கும் பெரிய பெட்டியை மனசில்லாமல் அலமாரியில் திருப்பி வைத்தார். பர்ஸைத் திறந்தபடி நின்றிருந்த லிஃப்ட் மெக்கானிக், தப்பித்தோம் என்று மூச்சுவிட்டுக் கடைசி மேஜைக்குப் போனார்.

அங்கே டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். புதிதாக ஆட வருகிறவர்களுக்கு அலுக்காமல் சொல்லிக்கொடுப்பதால், கடையில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

“மொத்தமா எவ்வளவு செலவு பண்ணலாம்?” என்று கேட்டாள்.

“ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசு, டீச்சர். அதுக்கு மேல போகக்கூடாது. கார்டுல காசைக் கொட்டுற ஆளைக் கட்டிக்க மாட்டேன்னு அவங்க கண்டிப்பா சொல்லிட்டாங்க.”

கடைக்காரருக்குக் காது நீண்டது. “யாருங்க அவங்க?”

நாற்பதைத் தாண்டிய மெக்கானிக் வெட்கப்பட்டார். “கட்டிக்கப் போறவங்க. அந்த வீட்ல மொத்தமே ரெண்டு பேரு. அவங்க சரின்னுட்டாங்க. இன்னொருத்தர் கார்டு ஆட்டத்துல பெரிய புலி. ‘நாளைக்கு என்னை ஜெயிச்சா கல்யாணம், தோத்தா வந்த வழியே போகலாம்’னு சபதம்.” சொல்லிவிட்டு டீச்சரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“விளங்கிடும்! இதுக்கு முன்னாடி கார்டைத் தொட்டிருக்கீங்களா?”

“பதினாலாவது மாடியில கம்பியைப் பிடிச்சுத் தொங்கியிருக்கேன். அப்பகூட இப்படி வேர்த்ததில்ல.”

டீச்சர் மேஜையைத் தட்டினாள். “இங்க கவனிங்க. மூடின பாக்கெட் பக்கமே போகாதீங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, அது லாட்டரி. முதல்ல ஒரு ரெடிமேட் கட்டு. ஆடத் தேவையான கார்டெல்லாம் அதுலயே இருக்கும். ஆடிப் பார்த்துட்டு, உதவாததை மட்டும் உருவிட்டு, உதிரி டப்பாவுல இருந்து மாத்திக்கலாம்.”

உதிரி டப்பா என்பது கல்லாவுக்குக் கீழே கிடந்த செருப்புப் பெட்டி. யாரும் சீந்தாத கார்டுகள் அதில் சில்லறைக்குக் கிடைக்கும். “என் பொழைப்புல மண்ணைப் போடு” என்று முனகிக்கொண்டே கடைக்காரர் அதை எடுத்துக்கொடுத்தார்.

டீச்சர் கிளறினாள். எலி. இன்னொரு எலி. மறுபடியும் எலி. மெக்கானிக்கின் முகம் தொங்கிவிட்டது.

“எலியா? புலிகிட்ட டிராகன் இருக்குமே டீச்சர்?”

“மூணு இருக்கு. அதுல ஒண்ணு தங்க ஓரம் போட்டது. இருக்கட்டுமே! டிராகனை இறக்க அஞ்சு சக்தி வேணும். ஒரு சுத்துக்கு ஒரு சக்திதான் சேரும். அப்ப டிராகன் எப்ப வரும்?”

“அஞ்சாவது சுத்துல.”

“எலிக்கு ஒரு சக்தி போதும். முதல் சுத்துலயே வந்துடும். டிராகன் எழுந்து பல்லு தேய்க்கிறதுக்குள்ள எலிங்க வீட்டையே காலி பண்ணிடும்.”

மெக்கானிக்கின் முகம் தெளிந்தது. “அட, லிஃப்ட் மாதிரிதான்! மோட்டார் எவ்வளவு பெரிசா இருந்தா என்ன, கூப்பிட்ட நேரத்துக்கு வர்றதுதானே லிஃப்ட்டு! சரி, அதையும் மீறி டிராகன் வந்துட்டா?”

“வலையைப் போடுங்க. ஒரு சுத்து அசையாது. அதுக்குள்ள எலியை விட்டு முடிச்சிடணும்.”

டப்பாவில் ஒரே ஒரு வலைதான் அகப்பட்டது. டீச்சர் துண்டுக் காகிதத்தில் ‘வலை’ என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் செருகினாள். “பழகுறதுக்கு இது போதும். எது நிஜமா தேவைன்னு தெரிஞ்ச பிறகுதான் காசு கொடுத்து வாங்கணும்.”

டீச்சரோடு ஆடிய முதல் ஆட்டத்தில் எலிகள் வீணாய்ச் செத்தன. இரண்டாவதில் மெக்கானிக் வலையை அவசரப்பட்டு ஒரு தவளை மேல் வீசினார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவது ஆட்டத்தில் டிராகன் வரும்வரை வலையைக் கையிலேயே வைத்திருந்தார். வந்ததும் வீசினார். மிச்சமிருந்த இரண்டு எலிகளும் ஆட்டத்தை முடித்துவிட்டன.

டீச்சர் மேஜையை முறைத்துப் பார்த்தாள். பிறகு தன் கட்டிலிருந்து ஒரு நிஜ வலையை உருவி, காகித வலை இருந்த உறையில் மாற்றிப் போட்டு அவரிடம் நீட்டினாள். “இது என்னோடது. நாளைக்கு உங்களுக்கு வேணும்.”

ரெடிமேட் கட்டும் உதிரியும் சேர்த்து ஒரு சாப்பாட்டுக் காசுக்குள் முடிந்தது. கடைக்காரர் பெருமூச்சோடு மீதியைக் கொடுத்தார். “இதுல டீயும் குடிச்சுக்கங்க.”

மெக்கானிக் எலிகளைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். “ஏன் டீச்சர், அந்தப் புலி கொஞ்சம் விட்டுக்கொடுத்தா என்னவாம்?”

“அப்புறம் சபதத்துக்கு என்ன மரியாதை? அதுவும் இல்லாம, கட்டிக்கப் போறவங்களுக்கும் ஆட்டம் தெரியும். வேணும்னே தோத்தா உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. நீங்க நிஜமாவே ஜெயிச்சாகணும்.”

அவர் தலையாட்டினார். டீச்சர் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

“நாளைக்குத் தோத்ததும் அம்மா முன்னாடி கொஞ்சம் அழுவேன். நீங்க பதறிடாதீங்க, அப்பா.”