முதல் வணக்கம்

ஒரு வீட்டு டிவியும் செட்டாப் பாக்ஸும் இயங்கத் தொடங்கியதும் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் படம் தெரியும். அப்படி ஒரு விதி.

ஒரு மாலை மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. இரண்டும் வாய் திறக்கவில்லை. திரை கறுப்பாகவே கிடந்தது. இணையத் தொடரின் கடைசிப் பகுதியைப் பார்க்க உட்கார்ந்திருந்த அருள்மேரி, பொறுமையிழந்து பரணிலிருந்து பாக்ஸின் அட்டைப்பெட்டியை இறக்கினாள்.

நடுவே தொங்கிய கேபிள் பதறியது. "பாக்ஸண்ணே, உங்களைத் திருப்பி அனுப்பப் போறாங்க. ஒரு வணக்கம் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"உலகத்துப் படமெல்லாம் என் வழியா வருது. அந்தக் கண்ணாடிப் பலகைக்கு நான் முதல்ல சொல்லணுமா?"

கேபிள் டிவியிடம் கெஞ்சியது.

"நான் ஐம்பத்தைந்து அங்குலம். அவன் உள்ளங்கை அளவு. நீயே நியாயம் சொல்லு."

வந்த செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் கொடுப்பதே கேபிளின் தொழில். அன்றுதான் அது முதன்முறையாகப் பொய் சொன்னது. "அண்ணே, அவரு உங்களுக்கு வணக்கம் சொல்றாரு" என்றது, இரு முனையிலும் ஒரே நேரத்தில்.

"அப்படி வரட்டும்!" என்று இரண்டும் பெருந்தன்மையோடு பதில் வணக்கம் சொல்லின. படம் பளிச்சென்று வந்தது. பெட்டி பரணுக்குத் திரும்பியது.

"கடைசியில இறங்கி வந்தாரு பார்த்தியா?" என்றது பாக்ஸ், ரகசியமாக.

"பார்த்தேண்ணே" என்றது கேபிள். மறுமுனையில் டிவிக்கும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.