அண்டா வெந்நீர்

"கருவோட பை தெரியுது. துடிப்பு இன்னும் தெரியலம்மா. பத்து நாள் கழிச்சு வாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் ஸ்கேன் எடுத்த டாக்டர். இதே வார்த்தையை முன்பு இரண்டு முறை கேட்டவள் செவ்வந்தி. அந்த இரண்டு கருவும் பத்தாம் நாள் வரை தாங்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் சீயக்காய் வாசனை மூக்கில் ஏறியது. கணவன் தன் அம்மாவுக்கு முன்கூட்டியே போனில் சொல்லியிருக்கிறான். குளியலறையில் அண்டா நிறைய இருந்த வெந்நீரில் ஆவி பறந்தது. கரு கலைந்த இரண்டு தடவையும் மாமியார் இப்படித்தான் காய்ச்சி வைத்திருந்தாள்.

"வா கண்ணு, சூடு ஆறுறதுக்குள்ள தலைக்கு ஊத்திக்க."

"எதுக்கு அத்தை? டாக்டர் இல்லைன்னு சொல்லலையே."

"இருக்குன்னும் சொல்லலையேடி."

செவ்வந்தி கூந்தலை இழுத்து முடிந்துகொண்டாள். கொடியில் கிடந்த கணவனின் அழுக்குச் சட்டைகளை அள்ளி வந்து வெந்நீருக்குள் அமுக்கினாள். சீயக்காய்க் கிண்ணத்தையும் அதிலேயே கவிழ்த்தாள்.

"ஐயையோ, என்னடி பண்றே?"

"உங்க புள்ளை சட்டையை நல்லாத் துவைச்சுப் போடுங்க அத்தை. தெருவுல யாராவது கேட்டா, என் மருமக முழுகாம இருக்கான்னு சத்தமா சொல்லுங்க."